விட்டு விட்டு வரும் என்ஜின் கோளாறு: கண்டறியும் முறைகளின் வரலாறு

கார் என்ஜினில் ஏற்படும் கோளாறுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை நிலையான கோளாறு. என்ஜின் கிளம்பவே மாட்டேன் என்கிறது அல்லது எப்போதும் ஒரே மாதிரி புகை கக்குகிறது என்றால் எந்தப் பட்டறையிலும் அதைக் காட்டலாம். மெக்கானிக் கண்ணால் பார்ப்பார், காதால் கேட்பார், காரணத்தைத் தேடுவார். இரண்டாம் வகை விட்டு விட்டு வரும் கோளாறு. நாற்பது கிலோமீட்டர் ஓடியபின் இழுவை குறையும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் தானாக அணையும். மேடு ஏறும்போது ஜெர்க் அடிக்கும். பட்டறை வாசலை அடைந்ததும் எல்லாம் சரியாகிவிடும். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தையைப் போன்றது இது.

பழைய கார் வாங்குபவருக்கு இந்த இரண்டாம் வகையே பெரிய ஆபத்து. டயரின் தேய்மானத்தையும் கதவில் பூசிய புதிய பெயின்டையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது வராத கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய நூற்றாண்டுக்கும் மேலான முயற்சியை இக்கட்டுரை சொல்கிறது. இதில் ஒரு வியப்பும் உண்டு. இன்று பழைய கார் வாங்குபவருக்குக் கைகொடுக்கும் முக்கியமான கருவி, கார் வாங்குபவருக்காகவோ மெக்கானிக்குக்காகவோ பிறந்ததல்ல. ஒரு நகரத்தின் காற்றைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது.

முதல் நெடும்பயணமும் முதல் பழுதுகளும்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886இல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், தம் இரு மகன்களுடன் அந்த வண்டியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மோட்டார் வண்டியில் ஒருவர் மேற்கொண்ட முதல் நெடும்பயணமாக இது கருதப்படுகிறது.

வழியில் எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்தா தம் தொப்பி ஊசியால் அதைக் குத்திச் சுத்தம் செய்தார். தீப்பொறிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையைப் பிடித்திருக்கும் பட்டையைச் சுற்றி மின்கசிவைத் தடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

இந்த இரண்டு பழுதுகளையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று எரிபொருள் சார்ந்தது, மற்றொன்று தீப்பொறி சார்ந்தது. பெட்ரோல் என்ஜின் ஓடக் காற்று, எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, போதிய அழுத்தம் ஆகிய நான்கும் தேவை. இவற்றில் ஏதேனும் ஒன்று ஒரு கணம் தவறினாலும் என்ஜின் தடுமாறும். இன்றைய கணினி என்ஜினிலும் இந்த அடிப்படை மாறவில்லை.

காதும் கையும் கருவிகளாக இருந்த காலம்

ஏறத்தாழ 1970கள் வரை உலகெங்கும், இந்தியாவில் 1990களின் இறுதி வரையும்கூட, பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எரிபொருளைக் காற்றுடன் கலந்தது கார்புரேட்டர். தீப்பொறியைப் பகிர்ந்தளித்தது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் உள்ளே பாயிண்ட் என்னும் சிறிய தொடுமுனைகள் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடின. அவற்றுடன் கண்டன்சர் என்னும் சிறு மின்தேக்கி இணைந்திருந்தது.

இந்தக் கால மெக்கானிக்கின் சோதனைகள் எளியவை, ஆனால் கூர்மையானவை. நான்கு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் என்ஜினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் என்ஜினின் வேகம் குறையும். எந்த ஒயரைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டரே குற்றவாளி. பட்டறை மொழியில் 'மிஸ்ஸிங்' என்பது இதுதான்: ஒரு சிலிண்டரில் எரிதல் நிகழாமல் போவது. ஸ்பார்க் பிளக்கின் நிறமும் ஒரு சாட்சி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். இளம்பழுப்பு நிறமானால் கலவை சரி.

விட்டு விட்டு வரும் கோளாறுகள் அப்போதும் இருந்தன. கண்டன்சர் சூடானால் வேலை செய்யாது, ஆறினால் மீண்டும் வேலை செய்யும். இக்னிஷன் காயிலும் அப்படியே. கார் வழியில் நின்றுவிடும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் என்ஜின் ஆறி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும்.

நம் ஊரில் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களை ஓட்டிய தலைமுறை கண்ட மற்றொரு கோளாறு 'வேப்பர் லாக்'. இக்கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருந்தது. கோடை வெயிலில், அதிலும் மலைப்பாதை ஏறும்போது, பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் ஆவியைத் தள்ள முடியாது, என்ஜின் அணைந்துவிடும். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகும். ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பதே வைத்தியம். இன்றும் அந்த வைத்தியத்தை நினைவு வைத்திருக்கும் ஓட்டுநர்கள் உண்டு.

கருவிகள் இல்லாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிகாகோவின் சன் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள், தீப்பொறி மின்னழுத்தத்தை அலைவடிவமாகத் திரையில் காட்டும் என்ஜின் ஆய்வுக் கருவிகளை விற்றன. ஆனால் ஈரத்துணிக்கும் இந்தத் திரைக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. கோளாறு நிகழும்போது அங்கே ஒருவர் இருந்தால்தான் எதையும் அறிய முடியும். நிகழ்ந்து முடிந்ததைக் காரால் சொல்ல முடியவில்லை. அதற்கு நினைவு இல்லை.

லாஸ் ஏஞ்சலஸின் புகை

காருக்கு நினைவு வந்த கதை 1943 ஜூலையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. அது போர்க்காலம், எதிரியின் நச்சு வாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்யும் ஓர் ஆலையின்மேல் பழி விழுந்தது. ஆலை மூடப்பட்டபின்னும் புகைமூட்டம் தொடர்ந்தது.

உண்மைக் காரணத்தைக் காட்டியவர் அரீ ஹாகன்-ஸ்மித். நெதர்லாந்தில் பிறந்த இவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்வேதியியல் அறிஞர். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே முறையில் நகரத்துக் காற்றைக் குளிரவைத்து ஆராய்ந்தார். கார்களின் புகையிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத ஹைட்ரோகார்பன்களும், எரிதலில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். கார் தொழில் இதை எளிதில் ஏற்கவில்லை. எனினும் 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மித்.

1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் வெளியீட்டை 90 விழுக்காடு குறைக்கச் சொன்னது. இதன் விளைவாக 1975ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று நம் பட்டறைகள் சொல்வது இதைத்தான். பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற அமைப்பு அது. அதன் வழியாகச் செல்லும் நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தவையாக மாறுகின்றன.

இங்கேதான் காற்றின் கதையும் மிஸ்ஸிங்கின் கதையும் சந்திக்கின்றன. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் அதில் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய் எரியும். வெப்பம் எல்லை மீறித் தேன்கூடு உருகிவிடும். பழைய காலத்தில் சற்றே எரிச்சலூட்டிய மிஸ்ஸிங், இப்போது விலையுயர்ந்த ஒரு பாகத்தைக் கொன்று, அந்தக் கார் ஆயுள் முழுதும் புகை கக்கும்படி செய்துவிடும். ஆகவே எப்போதோ ஒருமுறை வரும் மிஸ்ஸிங்கைக்கூடக் கண்டுபிடிப்பது அரசின் கவலையாயிற்று.

என்ஜினுக்குள் கணினி

கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே கன்வர்ட்டர் நீக்க வேண்டுமானால், பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. கார்புரேட்டரால் இந்தத் துல்லியத்தைத் தாங்களாகவே தர முடியாது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976இல் உற்பத்தி செய்யத் தொடங்கிய ஆக்சிஜன் சென்சார் இதற்கு வழி திறந்தது. புகைக்குழாயில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை இந்த உணரி அளந்து சொல்லும். கணினி அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1981ஆம் ஆண்டின் பெட்ரோல் கார்களில் இத்தகைய கணினிக் கட்டுப்பாட்டைப் பரவலாக்கியது. சென்சார் தவறான அளவு சொன்னால் கணினி டேஷ்போர்டில் 'செக் என்ஜின்' விளக்கை எரித்தது. கோளாறுக்கு உரிய எண்ணைத் தன் நினைவில் பதிந்தது. கோளாறு மறைந்து விளக்கு அணைந்தாலும் எண் நினைவில் இருந்தது.

அந்த எண்ணைப் படிக்கும் முறை சுவையானது. காரின் சோதனை இணைப்பில் இரண்டு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்தால், செக் என்ஜின் விளக்கு கண்சிமிட்டும். ஒருமுறை மின்னி, சற்று நின்று, இருமுறை மின்னினால் 12. என்ஜின் அணைந்திருக்கும்போது 12 வந்தால் சோதனை அமைப்பு சரியாக இயங்குகிறது என்று பொருள். நான்குமுறை, பிறகு நான்குமுறை என்றால் 44; ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்று சொல்கிறது. முதன்முறையாக, மெக்கானிக் இல்லாத நேரத்தில் நடந்ததைக் கார் தானே சாட்சி சொன்னது.

ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இணைப்பு, தனித்தனி எண் வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் 12க்கு மற்றொரு நிறுவனத்தின் காரில் வேறு பொருள். எல்லாக் கார்களையும் பழுது பார்க்கும் தெருமுனைப் பட்டறைக்கு இது பெரும் தலைவலி. கலிபோர்னியா 1988ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து உள்ளமைந்த கோளாறறி அமைப்பைக் கட்டாயமாக்கியது. பின்னர் ஓ.பி.டி.-1 என்று பெயர் பெற்ற இந்த முதல் கட்டத்தில் பொது மொழி இன்னும் உருவாகவில்லை.

1996: எல்லாக் கார்களுக்கும் ஒரே மொழி

கலிபோர்னியா வாரியம் 1989இல் இரண்டாம் கட்ட விதிகளை ஏற்றது. 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் இதை நாடு முழுமைக்கும் கொண்டுசென்றது. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் இதே போன்ற அமைப்பைப் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு அதன்பிறகும் கொண்டுவந்தது.

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரே வடிவ இணைப்பு வந்தது. எண்களும் பொதுவாயின. 'பி' என்ற எழுத்து என்ஜினையும் கியர் அமைப்பையும் குறிக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0302 இரண்டாம் சிலிண்டரில். பி0300 என்றால் எந்த ஒரு சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு. பி0420 கன்வர்ட்டரின் திறன் குறைவு.

மிஸ்ஸிங்கைக் கணினி எப்படி அறிகிறது? பழைய மெக்கானிக்கின் காது செய்த வேலையையே அது கணக்காகச் செய்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிதல் நிகழும்போது கிராங்க் தண்டு சற்றே வேகம் பெறும். எரிதல் நிகழாத முறை அந்த வேகம் கிடைக்காது. கிராங்க் சென்சார் இந்த நுண்ணிய தாமதத்தை அளக்க, எந்தச் சிலிண்டரின் முறை தவறியது என்று கணினி குறித்துக்கொள்கிறது. கன்வர்ட்டரைச் சிதைக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் கடுமையானால் விளக்கு விட்டு விட்டு மின்னும். அப்போது வேகத்தைக் குறைத்து, விரைவில் வண்டியை நிறுத்துவதே நல்லது.

விட்டு விட்டு வரும் கோளாறைப் பொறுத்தவரை இரண்டு ஏற்பாடுகள் முக்கியமானவை. முதலாவது, கோளாறு பதிவாகும் கணத்தில் என்ஜின் இருந்த நிலையின் உறைபடம். எத்தனை சுழற்சி வேகம், எவ்வளவு சுமை, குளிர்நீரின் வெப்பம் எவ்வளவு, கார் என்ன வேகத்தில் போனது என்ற விவரங்களை அது சேமிக்கும். இரண்டாவது, 'நிலுவை' எண். பெரும்பாலான கோளாறுகளுக்கு, ஒரே ஒரு பயணத்தில் தோன்றியதும் விளக்கு எரிவதில்லை. எண் நிலுவையில் வைக்கப்படுகிறது. அடுத்த பயணத்திலும் வந்தால்தான் உறுதியாகி விளக்கு எரியும். ஆகவே விளக்கு எரியாத காரிலும் படிக்கத்தக்க செய்தி இருக்கலாம்.

பழைய கார் சந்தையில் இதன் பொருள்

1970இல், தூய காற்றுச் சட்டம் வந்த அதே ஆண்டில், அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் கோளாறு மிகுந்த காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் சந்தேக விலையே கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகுவார். சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும். இந்த ஆய்வுத் துறைக்காக ஏகர்லாஃப் 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விட்டு விட்டு வரும் கோளாறு ஏகர்லாஃபின் கருத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மாதக்கணக்கில் ஓட்டியவருக்கு மட்டுமே அது தெரியும். கார் நினைவு பெற்றபின் அந்த அறிவில் ஒரு பங்கு வாங்குபவருக்கும் கிடைக்க வழி பிறந்தது.

விற்பவர் பேட்டரியைக் கழற்றியோ, கருவி கொண்டோ எண்களை அழித்துவிட முடியாதா? முடியும். ஆனால் அழிப்பதும் ஒரு தடம் விட்டுச் செல்கிறது. ஓ.பி.டி.-2 அமைப்பில் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்ற ஒவ்வொரு பகுதியையும் கணினி தானே சோதித்து 'முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்று குறித்து வைக்கும். நினைவை அழித்தால் இந்தக் குறிப்புகளில் பலவும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். குளிர்ந்த நிலையில் கிளம்புதல், நிதான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டம் என்று சில நாள் பலவகையாக ஓட்டினால்தான் அவை மீண்டும் நிறைவுறும். அன்றாடம் ஓடும் கார் என்று விற்பவர் சொல்ல, பெரும்பாலான சோதனைகள் முடியாமல் இருந்தால் அண்மையில் யாரோ நினைவை அழித்திருக்கிறார்கள் என்று கருத இடமுண்டு. பல கார்களில், நினைவு அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தையே படிக்கலாம். பேட்டரி மாற்றியதாலும் இது நேரலாம் என்பதால் விற்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கிறேன் என்று சொல்வது போதும்.

அமெரிக்காவில் புகைச் சோதனை நிலையங்களும் இதே காரணத்தால், சோதனைகள் பல முடியாத கார்களைத் திருப்பி அனுப்புகின்றன. 2010ஆம் ஆண்டுக் கார்கள் முதல் படிப்படியாக, கருவியால் அழிக்க முடியாத நிரந்தர எண்களும் அங்கே கட்டாயமாயின.

இந்தியாவில்

இந்தியாவிலும் மாற்றத்தை உந்தியது காற்று மாசுதான். 1995இல் பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் வந்தது. ஈயம் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது. டெல்லி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, தலைநகர்ப் பகுதியில் யூரோ-1, யூரோ-2 தரங்களை விரைவுபடுத்தியது. அதை ஒட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் மறைந்து எம்.பி.எஃப்.ஐ. என்னும் பன்முனை எரிபொருள் தெளிப்பு முறை பரவியது. வேப்பர் லாக்கும் பாயிண்ட் தேய்மானமும் மெல்ல மறைந்தன; அவற்றின் இடத்தில் சென்சாரும் ஒயரிங்கும் வந்தன.

பாரத் ஸ்டேஜ்-4 தரம் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களிலும், 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தரத்துக்குரிய கார்களில் 2010 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.-1, 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.-2 கட்டாயமாயின. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6. ஆகவே பழைய கார் வாங்குபவர் தயாரிப்பு ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. 2013க்கும் 2017க்கும் இடைப்பட்ட கார் என்றால், அது எந்தத் தரத்துக்கு உரியது என்று ஆர்.சி. புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

நம்மிடம் உள்ள மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இந்த வேலையைச் செய்யாது. நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டு எடுக்கும் அந்தச் சோதனை, மேடு ஏறும்போது மட்டும் வரும் மிஸ்ஸிங்கைப் பார்ப்பதில்லை.

யார் படிக்கலாம்?

கார் நினைவு வைத்திருக்கிறது; அதைப் படிக்கும் உரிமை யாருக்கு? புகை சார்ந்த எண்கள் பொதுவானவை. கைப்பேசியோடு இணையும் மலிவான சிறு கருவிகளால் அவற்றை எவரும் படிக்கலாம். ஆனால் நிறுவனங்களின் சொந்த எண்கள், பழுதுபார்ப்பு நூல்கள், முழுமையான சோதனைக் கருவிகள் ஆகியவை நெடுங்காலம் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களுக்குள்ளேயே இருந்தன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஆதரவாகப் பெருவாரியாக வாக்களித்தனர். இந்தியாவில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் போட்டியைத் தடுத்தனர் என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்ததால் வழக்கு நீண்டது. 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. தெருமுனைப் பட்டறையை நம்பியிருக்கும் பழைய கார் உரிமையாளருக்கு இவை ஏட்டளவுச் செய்திகள் அல்ல. பட்டறைக்காரரால் படிக்க முடியாத நினைவு, அவருக்கு இல்லாத நினைவே.

எண் சொல்வதும் சொல்லாததும்

எண் வந்தவுடன் பாகத்தை மாற்றுவது இன்று பரவலான தவறு. பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறியது என்ற செய்தி மட்டுமே. காரணம் பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வு கசிந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். நல்ல மெக்கானிக் முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். எண் பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையென்றால் தேடலைத் தொடர்வார். செலவில்லாத இந்தச் சோதனை, ஒயரைக் கழற்றிப் பார்த்த பழைய முறையின் தொடர்ச்சியே.

பி0171க்கும் இது பொருந்தும். ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்கிறார்கள். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்ற திருத்த அளவை ஓட்டத்தில் பார்த்தால் தெளிவு பிறக்கும். ஐடிலிங்கில் திருத்தம் அதிகமாகவும், வேகம் கூடினால் குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்றுக் குழாய் வெடித்துக் காற்று கசிகிறது. சுமை கூடக்கூடத் திருத்தமும் கூடினால் பெட்ரோல் பம்போ ஃபில்டரோ போதிய பெட்ரோலைத் தரவில்லை.

எண்ணே பதியாத கோளாறுகளும் உண்டு. சூடேறினால் அடங்கிப்போகும் கிராங்க் சென்சார் பெரும்பாலும் எண் பதியும். சில கார்களில் பதியாமலே என்ஜினை அணைத்துவிடும். துருப்பிடித்த எர்த் ஒயர், தளர்ந்த இணைப்பான், வலுவிழந்த பம்ப் ஆகியவையும் தடமின்றி வந்துபோகலாம். அப்போது உதவுவது கேள்விதான். குளிர்ந்த நிலையில் வருகிறதா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா, மேட்டிலா? மழை நாளில் மட்டுமா? அப்படியானால் காயில், பிளக் ஒயர், இணைப்பான்களில் ஈரம். குண்டும் குழியுமான சாலையிலா? அப்படியானால் தளர்ந்த இணைப்பு. என்ஜின் ஓடும்போது ஒயர்களை மெல்ல அசைத்துப் பார்க்கலாம். டேங்கில் பெட்ரோல் குறையும்போதா? அப்படியானால் டேங்கினுள் இருக்கும் பம்ப்.

கார் வைத்திருப்பவர் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் கோளாறு வந்த நாள், நேரம், வேகம், வெயிலா மழையா, எவ்வளவு தூரம் ஓடியபின் வந்தது என்று குறித்து வைத்தால் அதுவே பாதிக் கண்டுபிடிப்பு. வாங்கும் முன்னரோ, குளிர்ந்த என்ஜினைத் தம் கண்முன் கிளப்பச் சொல்லி, நன்கு சூடேறும் வரை, மேடும் நெரிசலும் நெடுஞ்சாலையும் கலந்த பாதையில் அரை மணியாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது. 'முன்பே சூடாக்கி வைத்திருக்கிறேன்' என்று விற்பவர் சொன்னால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லலாம்.

முடிவாக

கார் பேசத் தொடங்கியது, லாஸ் ஏஞ்சலஸ் மக்களின் கண்கள் எரிந்ததால். அந்தப் பேச்சை நாம் பணம் கொடுத்து வாங்கும் பழைய காருக்கும் பயன்படுத்துகிறோம். பொது நலத்துக்காக எழுதப்பட்ட ஒரு விதி, ஏமாறக்கூடிய தனிமனிதருக்கும் காவலாயிற்று. ஆனால் அந்த நினைவு நடந்ததைச் சொல்லுமே தவிர, ஏன் நடந்தது என்று தீர்ப்பு வழங்காது. அந்தப் பொறுப்பு இன்னும் கேள்வி கேட்கத் தெரிந்த மெக்கானிக்கிடமும், கவனித்துச் சொல்லத் தெரிந்த உரிமையாளரிடமுமே இருக்கிறது.